பதினாறு ஆண்டுகளாக பேசிக் சேனல்: இரைச்சலோடு பழகிய கதை

2009 குளிர்காலம். பெர்லினில் மாணவனாக இருந்தேன். விடுதியில் பக்கத்து அறை நண்பர் ஒருவர் ஒரு சிடியைக் கேட்கக் கொடுத்தார். மேலே இருந்த எழுத்து மை கலைந்ததுபோல இருந்தது. உற்றுப் பார்த்தால்தான் 'பேசிக் சேனல்' என்று படிக்க முடிந்தது. மடிக்கணினி ஸ்பீக்கரில் போட்டேன். ஓட்டு வீட்டின் மேல் தூறல் விழுவதுபோல ஒரு இரைச்சல், அதற்குள் எங்கோ ஒரே ஒரு சுரக்கொத்து வந்து வந்து போனது. பத்து நிமிடம் கழித்தும் அதேதான். மறுநாள் திருப்பிக் கொடுத்து, "வட்டில் ஏதோ கோளாறு போல" என்றேன். அவர் வாதாடவில்லை. தன் ஹெட்போனை என் காதில் மாட்டிவிட்டு, அதே ட்ராக்கை முதலிலிருந்து போட்டார்.

அன்று தொடங்கியது. இன்றுவரை வாரத்தில் இரண்டு மூன்று நாளாவது பேசிக் சேனல் என்ற இந்த லேபிளின், அதாவது இசைத்தட்டு வெளியீட்டு நிறுவனத்தின், ஏதாவது ஒன்று வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. இத்தனை ஆண்டு பழகிய பிறகு எது மனதில் நின்றது, எது நிற்கவில்லை என்று எழுதிவைக்கத் தோன்றியது.

தெரியாதவர்களுக்கு முதலில் கொஞ்சம் பின்னணி. 1989-ல் பெர்லின் சுவர் விழுந்த அதே ஆண்டில், க்ரொய்ட்ஸ்பெர்க் பகுதியில் மார்க் எர்னெஸ்டஸ் 'ஹார்ட் வாக்ஸ்' என்ற இசைத்தட்டுக் கடையைத் தொடங்கினார். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்து டெக்னோ, அதாவது மின்னணு நடன இசைத் தட்டுகள் பெர்லினுக்குள் நுழைந்த முக்கிய வாசல் அது. அவரோடு சேர்ந்தவர் மோரிட்ஸ் ஃபான் ஓஸ்வால்ட்; பாலே ஷௌம்புர்க் என்ற இசைக்குழுவில் தாளக்கருவி வாசித்தவர். இருவரும் சேர்ந்து 1993-ல் பேசிக் சேனல் என்ற பெயரில் தட்டுகள் வெளியிடத் தொடங்கினார்கள். பெயர் போடவில்லை, படம் போடவில்லை, பேட்டி என்று பெரிதாக எதுவும் கொடுக்கவில்லை. மொத்தம் ஒன்பதே ஒன்பது பன்னிரண்டு அங்குலத் தட்டுகள். இரண்டு ஆண்டுகளுக்குள் அந்த வரிசையே முடிந்துவிட்டது. 'டப் டெக்னோ' என்று இன்று ஒரு வகையே இருக்கிறதென்றால், அதன் ஆணிவேர் இந்த ஒன்பது தட்டுகள்.

ஜமைக்காவின் டப் இசையில் என்ன செய்தார்கள்? கிங் டப்பி போன்றவர்கள் பாடி முடித்த பாட்டை எடுத்து, குரலை உருவி, டிரம்ஸையும் பேஸ் என்ற அடிநாதத்தையும் மட்டும் விட்டு, மிச்சமெல்லாம் எக்கோவில் கரையவிட்டார்கள். மிக்சிங் மேசையே வாத்தியம். பெர்லின்காரர்கள் அந்த வேலையை டெக்னோவின் மேல் செய்தார்கள். சிந்தசைசரில் ஒரே ஒரு மைனர் கார்டு, அதாவது ஒரு சுரக்கொத்து, அரை நொடிகூட நீளாதது. அதை, ஒலியின் சில பகுதிகளை மட்டும் கடக்கவிடும் ஃபில்டர் வழியாக விட்டு, எக்கோவுக்கு அனுப்பி, அந்த எக்கோவையே திரும்ப எக்கோவுக்குள் ஊட்டுகிறார்கள். ஃபில்டரைக் கையால் மெல்லத் திறந்து மூடும்போது ஒவ்வொரு சுற்றிலும் அந்தக் கார்டின் நிறம் இம்மியளவு மாறுகிறது. கோயில் மணி அடித்து ஓய்ந்த பிறகும் காதில் நிற்குமே ஒரு கார்வை, அதை மட்டும் பிரித்தெடுத்து இருபது நிமிடம் நீட்டினால் எப்படியோ அப்படி. மணியின் அடி இங்கே முக்கியமே இல்லை.

இதனால்தான் லாப்டாப் ஸ்பீக்கரில் எனக்குப் பிடிபடவில்லை. இசை இருப்பதே அடியில் உருளும் பேஸிலும், மேலே மிதக்கும் இரைச்சலிலும். சின்ன ஸ்பீக்கர் முதலாவதை விழுங்கிவிடும், இரண்டாவதை வெறும் கரகரப்பாக்கிவிடும். போனிலேயே கேட்டுவிட்டு "ஒன்றுமில்லையே" என்று சொல்பவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஓரளவு நல்ல ஹெட்போன், இல்லையென்றால் எட்டு அங்குல வூஃபர் உள்ள பழைய ஸ்பீக்கர் ஜோடி போதும். அதிக விலையெல்லாம் தேவையில்லை. என்னுடையவை செகண்ட் ஹேண்ட் சந்தையில் வாங்கியவை.

சத்தமாக வைத்துத்தான் கேட்க வேண்டும் என்று முதல் சில ஆண்டுகள் நினைத்தேன். கீழ் வீட்டுக்காரர் ஒருநாள் இரவு வந்து கதவைத் தட்டினார். நியாயமான கோபம்தான், பேஸ் அவர் வீட்டுக் கண்ணாடி அலமாரியை அதிரவைத்திருக்கிறது. அன்றிலிருந்து சத்தத்தைப் பாதிக்கும் கீழே இறக்கிவிட்டேன். வியப்பாக, அப்போதுதான் 'குவாட்ரண்ட் டப்' எனக்குத் திறந்தது. ஆறாவது எண் தட்டு அது, 1994. பக்கத்துக்கு ஒரே ட்ராக். குறைந்த சத்தத்தில் அது அறையின் சத்தங்களோடு கலந்துவிடுகிறது: ஹீட்டர் குழாயின் முனகல், தூரத்து ரயில், பக்கத்து வீட்டுத் தண்ணீர்க் குழாய். எது தட்டிலிருந்து வருகிறது, எது வீட்டிலிருந்து வருகிறது என்று பிரிக்க முடியாத ஒரு நிலை வரும். ஆராய்ச்சிக் கட்டுரை எழுதிய மாதங்களில் இரவெல்லாம் இதுதான் துணை. சுருதிப் பெட்டி ஓடிக்கொண்டிருக்கும் அறையில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்தச் சூழல் தெரியும்.

'ரேடியன்ஸ்' இன்னும் ஒரு படி போகிறது. எட்டாவது தட்டு. அதில் தாளம் இருக்கிறதா இல்லையா என்றே சில இடங்களில் சந்தேகம் வரும். மாறாக, 'ஃபிலிப்ஸ் ட்ராக் 2' நேரே கால்களைப் பிடித்து இழுக்கும். புதிதாக வருபவர்கள் அதில் தொடங்கலாம், அப்புறம் 'ஆக்டகன்', அதற்கும் பிறகுதான் 'குவாட்ரண்ட் டப்'. 1995-ல் வந்த தொகுப்புச் சிடியில் சில ட்ராக்குகளைச் சுருக்கிப் போட்டிருக்கிறார்கள். அறிமுகத்துக்குச் சரி. ஆனால் இந்த இசையில் நீளம் என்பது அலங்காரம் இல்லை. எட்டாவது நிமிடத்தில் காது அலுத்து, பத்தாவது நிமிடத்தில் அந்த அலுப்பும் அடங்கி, அதன் பிறகுதான் சின்ன அசைவுகள் கேட்கத் தொடங்குகின்றன. சுருக்கினால் அந்தப் பாதையே போய்விடுகிறது. கையில் காசிருந்தால் தட்டாகவே வாங்குங்கள்.

வாங்க முடியும் என்பதுதான் இந்த லேபிளில் நான் மிகவும் மதிக்கும் விஷயம். பெரிய நிறுவனங்களுக்கு வெளியே இயங்கும் சின்ன இசை லேபிள்கள் பலவற்றின் கதை தெரியும்: சில நூறு பிரதி அச்சிடுவார்கள், அடுத்த மாதம் தீர்ந்துவிடும், பிறகு சேகரிப்பாளர்கள் கையில் விலை ஏறிக்கொண்டே போகும். பேசிக் சேனல் தன் தட்டுகளைத் திரும்பத் திரும்ப அச்சிட்டு வந்திருக்கிறது. முப்பது ஆண்டு கழித்து வரும் ஒரு மாணவனும் சாதாரண விலைக்கு வாங்கலாம். அரிய பொருளாக்கிக் காசு பார்க்கும் வாய்ப்பு இருந்தும் அதைச் செய்யாதது பெரிய காரியம். நான் மாணவனாக இருந்த காலத்தில் என் பைக்குள் வந்த முதல் தட்டே அப்படி வந்ததுதான். பௌல் லிங்கே கரையோரம், கால்வாயைப் பார்த்த கட்டடம், முற்றத்தைத் தாண்டி மாடிப்படி ஏறி ஹார்ட் வாக்ஸ் கடைக்குள் போனது இன்றும் நினைவிருக்கிறது. ஒவ்வொரு தட்டையும் பற்றி ஒரே ஒரு வரி எழுதிவைக்கும் வழக்கம் அந்தக் கடைக்கு உண்டு. அந்த ஒரு வரியை நம்பியே எத்தனையோ தட்டுகள் வாங்கியிருக்கிறேன்.

கடை, லேபிள், அப்புறம் தட்டு வெட்டும் கூடம், அதாவது அச்சுக்கான மூலத் தட்டில் இசையைப் பள்ளமாகச் செதுக்கும் இடம். மூன்றும் தங்கள் கையிலேயே இருக்கும்படி பார்த்துக்கொண்டார்கள். ஆரம்பகாலத் தட்டுகளின் மூலப் பிரதியை டெட்ராய்ட்டில் ரான் மர்ஃபி வெட்டிக் கொடுத்தார். டெட்ராய்ட் டெக்னோவின் பெரும் பகுதி அவர் கை வழியாக வந்தது. அந்தக் கைத்தொழிலின் அருமை தெரிந்துதான், 1995-ல் பெர்லினிலேயே 'டப்ப்ளேட்ஸ் அண்ட் மாஸ்டரிங்' என்ற கூடத்தைத் தொடங்கினார்கள். ஆழமான பேஸைத் தட்டின் பள்ளத்தில் ஊசி துள்ளாமல் வெட்டுவது எளிதல்ல. பேஸ் கூடினால் பள்ளம் அகலமாகும், அகலமானால் பக்கத்தில் இடம் குறையும், இடம் குறைந்தால் சத்தத்தைக் குறைக்க வேண்டும். இருபது நிமிட ட்ராக்கில் இந்தக் கணக்கைச் சமாளிக்கத் தனித் திறமை வேண்டும். ரஷாத் பெக்கர் போன்ற பொறியாளர்கள் பல்லாண்டு அங்கே வேலை பார்த்தார்கள். டெக்னோவோடு தொடர்பே இல்லாத தட்டுகளின் பின்பக்கத்திலும் அந்தக் கூடத்தின் பெயரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு நிறைவு.

செயின் ரியாக்‌ஷன் 1995-ல் வந்த கிளை லேபிள். இங்கே அவர்கள் அடுத்தவர்களுக்கு இடம் கொடுத்தார்கள். போர்ட்டர் ரிக்ஸ் என்ற பெயரில் தாமஸ் கோனரும் ஆண்டி மெல்விக்கும் சேர்ந்து செய்த 'பயோகினெட்டிக்ஸ்' (1996) என் தனிப்பட்ட உச்சம். கடலடியில் ஒரு கப்பல் எஞ்சினைக் கேட்பதுபோல இருக்கும். மோனோலேக்கின் 'ஹாங்காங்' (1997) அந்த நகரத்தின் தெருச் சத்தங்களைச் சேர்த்துக்கொண்டது. மோனோலேக்கைத் தொடங்கிய ராபர்ட் ஹென்கேயும் கெர்ஹார்ட் பேலெஸும்தான் பின்னாளில் ஏபிள்டன் லைவ் மென்பொருளின் பின்னணியில் இருந்தவர்கள். இன்று உலகமெங்கும் வீட்டு அறைகளில் இசையமைப்பவர்கள் பயன்படுத்தும் ஒரு கருவிக்கும் இந்தச் சின்ன வட்டத்துக்கும் இப்படி ஒரு நேரடி உறவு இருக்கிறது. பின்லாந்தின் விளாடிஸ்லாவ் டிலே, கிரேக்கத்தின் ஃப்ளக்‌ஷன் இவர்களெல்லாம் இங்கே வந்தவர்கள்.

ஆனால் செயின் ரியாக்‌ஷன் முழுவதும் மனதில் நின்றது என்று சொல்ல மாட்டேன். சில தட்டுகள் எனக்கு மூன்றாவது தடவைக்கு மேல் போகவில்லை. முறை தெரிகிறது, மனசு தெரியவில்லை. அந்தச் சிடிகளின் உலோக டப்பா பார்க்க அழகு, ஆனால் வட்டை இறுக்கிப் பிடித்து நடுவளையத்தில் விரிசல் விழவைப்பதாகச் சேகரிப்பாளர்களிடம் பெயர் வாங்கியது. பழையதாக வாங்குபவர்கள் அந்த வளையத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு வாங்கவும்.

இந்த இசையைப் பார்த்துப் பின்னால் வந்த நகல்கள் ஏராளம். ஒரு மைனர் கார்டு, நிறைய எக்கோ, கொஞ்சம் மழைச் சத்தம் போட்டால் டப் டெக்னோ தயார் என்று ஆகிவிட்டது. அவற்றில் பெரும்பாலானவை எனக்கு ஒட்டவில்லை. எக்கோவை அமைத்துவிட்டு அதன்போக்கில் விட்டுவிடுகிறார்கள். கை உள்ளே இல்லை. டெட்ராய்ட்டின் ராட் மோடெல் விதிவிலக்கு. டீப்கார்டு என்ற பெயரில் அவர் செய்வதில் அந்தக் கை தெரிகிறது.

மரபு என்று பார்த்தால், என் கணக்கில் பெரியது ரிதம் அண்ட் சவுண்ட் தான். அதே இருவர், 1996-லிருந்து பரியல் மிக்ஸ் என்ற லேபிளில், டெக்னோவை விட்டு ஜமைக்காவின் ரெக்கே இசையின் பக்கம் நடந்தார்கள். டொமினிகாவிலிருந்து வந்த பால் செயின்ட் ஹிலேர் முதல் பலர் பாடினார்கள். 2005-ல் வந்த 'சீ மி யா' தொகுப்பில் ஒரே மெட்டு, ஒரே தாளம். ஒவ்வொரு ட்ராக்கிலும் வேறு பாடகர். ஜமைக்காவில் பழைய வழக்கம் இது. நியூயார்க் பிராங்க்ஸில் லாய்ட் பார்ன்ஸ் நடத்திய வாக்கீஸ் லேபிளின் பழைய ரெக்கே தட்டுகளையும் தேடிப்பிடித்து மறுபடி அச்சிட்டார்கள். கடன் வாங்கிய இடத்தைப் பெயர் சொல்லித் திருப்பிக் காட்டுவது இந்தத் துறையில் எல்லோரும் செய்வதில்லை. எனக்கு ரெக்கே அறிமுகமானதே இந்த வழியில்தான். எர்னெஸ்டஸ் இப்போது செனகலின் சபார் மேளக்காரர்களோடு வேலை செய்கிறார். அதையும் கேட்டுப் பாருங்கள், பழைய பேசிக் சேனலின் பொறுமை அப்படியே இருக்கிறது.

போன குளிர்காலத்தில் 'குவாட்ரண்ட் டப்' தட்டின் புதுப் பிரதி ஒன்று வாங்கினேன். பழையது பதினைந்து ஆண்டு ஓடித் தேய்ந்துவிட்டது. இரண்டாம் பக்கத்தின் நடுவில் ஒரு கீறலும் உண்டு, ஊசி கடக்கும்போது 'டக்' என்று ஒரு சத்தம் வரும், ஏழெட்டுச் சுற்றுக்குத் தொடரும். புதுப் பிரதி சுத்தம். ஆனால் அந்த இடம் வரும்போது என் காது அந்த 'டக்'கைத் தேடுகிறது. பழையதைத் தூக்கிப்போட மனம் வரவில்லை. இரண்டும் அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. நேற்று இரவு எடுத்துப் போட்டது பழையதைத்தான்.