போல்ட் வாங்கப் போகும் கடையில் மன்ரோவின் வண்டி

நான் லேத்தில் இரும்பு கடையும் டர்னர். கோவை கணபதியில் அப்பாவின் லேத் பட்டறையில் வேலை பழகினேன். இப்போது நியூசிலாந்தின் தென்கோடியில் ஒரு பால் பவுடர் ஆலையில் மெயின்டனன்ஸ் வேலை. வீட்டுக் கொட்டகையில் 1951 மாடல் பி.எஸ்.ஏ. பி31 மோட்டார் சைக்கிள் ஒன்றைப் பிரித்துப் போட்டு எட்டு மாதமாகிறது. 350 சிசி, ஒற்றை சிலிண்டர். ஓரெட்டி கடற்கரை மணலில் அதை நேர்க்கோட்டில் முழு வேகத்துக்கு ஒரு தடவை விட்டுப் பார்த்துவிட வேண்டும். எமரி தாள், ஹாக்ஸா பிளேடு, டிரில் பிட் என்று எது தீர்ந்தாலும் நான் போவது இன்வர்கார்கில் ஊரில், டீ ஸ்ட்ரீட்டில் இருக்கும் ஈ. ஹேய்ஸ் கடைக்குத்தான்.

பார்ப்பதற்கு அது ஒரு பெரிய ஹார்டுவேர் கடை. கருவிகள், போல்ட் நட்டு, பெயின்ட், சமையலறைச் சாமான் எல்லாம் உண்டு. ஆனால் அலமாரி வரிசைகளுக்கு நடுவே நூற்றுக்கும் மேற்பட்ட பழைய மோட்டார் சைக்கிள்களும் கார்களும் எஞ்சின்களும் நிற்கின்றன. ஸ்பேனர் தேடிக்கொண்டு திரும்பினால் கண்ணெதிரே தொண்ணூறு வயது வண்டி. பார்க்கக் கட்டணம் கிடையாது. வேலி கட்டும் கம்பியை இழுத்து முறுக்கும் கருவியால் பெயர் பெற்ற எர்னஸ்ட் ஹேய்ஸின் குடும்பம் இது. அவர் மகன் இர்விங் 1932இல் இந்த ஊரில் தொழிலைத் தொடங்கினார். அடுத்த தலைமுறை நார்மன் ஹேய்ஸ், மோட்டார் சைக்கிளில் வேகச் சாதனை படைத்த பர்ட் மன்ரோவுக்கு நண்பர். தன் காலத்துக்குப் பிறகு வண்டிகள் ஊரை விட்டுப் போய்விடக் கூடாது என்று மன்ரோ அவற்றை நார்மனிடம்தான் ஒப்படைத்தார். அதனால்தான் மன்ரோவின் இந்தியன் ஸ்கவுட் மோட்டார் சைக்கிள் இன்றைக்கும் போல்ட் விற்கிற கடையில் இருக்கிறது.

மன்ரோவைத் தெரியாதவர்களுக்கு: இவர் இந்த ஊர்க்காரர், 1899இல் பிறந்தவர். 1920இல் வாங்கிய ஸ்கவுட், 600 சிசி, வி-ட்வின் (V வடிவில் இரண்டு சிலிண்டர்), சைடு வால்வு, கை கியர். கடையிலிருந்து வந்தபோது அதன் உச்ச வேகம் மணிக்கு 89 கிலோமீட்டர். 1926இல் அதைக் குடையத் தொடங்கினார், கடைசிவரை நிறுத்தவில்லை. வால்வுகளைச் சிலிண்டரின் பக்கவாட்டிலிருந்து தலைக்கு மேலே மாற்றினார். சைடு வால்வில் காற்று வளைந்து திரும்பித்தான் உள்ளே போக வேண்டும், அழுத்தத்தையும் ஓரளவுக்கு மேல் ஏற்ற முடியாது. இந்த ஒரு மாற்றம் இல்லாமல் மற்ற எதுவும் நடந்திருக்காது என்பது என் கணிப்பு. 1967 ஆகஸ்டில், 68 வயதில், அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து போனவில் உப்புத் தரையில் அதே வண்டியை 950 சிசி ஆக்கி ஓட்டினார். தகுதி ஓட்டத்தில் ஒரு திசையில் 305.89 கிலோமீட்டர் வேகம். காற்றின் சாதகம் கழிய வேண்டும் என்பதற்காக, சாதனைக்குப் போக ஒன்று, வர ஒன்று என இரு ஓட்டங்களின் சராசரியைத்தான் எடுப்பார்கள். அந்தச் சராசரியைக் கணக்கிட்டதில் ஒரு பிழை. அவர் மகன் கண்டுபிடித்துச் சொல்ல, 2014இல், மன்ரோ இறந்து 36 ஆண்டு கழித்து, சாதனையைத் திருத்தினார்கள்: 295.453 அல்ல, 296.2593. ஒரு கிலோமீட்டர் கூட இல்லை, அதற்கும் ஒரு மனிதர் கணக்கைத் தேடி எடுத்துப் பார்த்திருக்கிறார். எனக்கு அது பெரிய விஷயம்.

கடையில் நான் அதிக நேரம் நிற்பது வண்டியின் முன்னால் அல்ல, உடைந்த சாமான்கள் இருக்கும் அலமாரியின் முன்னால். மன்ரோ தன் ஷெட்டில் பாழான பிஸ்டன்களையும், பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கான்ராடுகளையும் அடுக்கி வைத்து, வேகத்தின் கடவுளுக்குக் காணிக்கை என்று எழுதி வைத்திருந்தார். பிஸ்டனை அவரே வார்த்தார். பழைய வார்ப்பிரும்பு கேஸ் குழாயிலிருந்து சிலிண்டர் கடைந்தார். கான்ராடை டிராக்டர் ஆக்சிலிலிருந்து செதுக்கினார். நானும் சென்ற குளிர்காலத்தில் ஒரு பிஸ்டன் வார்த்துப் பார்த்தேன். மேலே பளபளவென்று இருந்தது, லேத்தில் இரண்டு மில்லி இறக்கியதும் உள்ளே ஊசி முனை அளவில் வரிசையாகக் காற்றுக் குமிழி. உருக்கிய அலுமினியம் ஈரத்தைக் கண்டால் வாயுவை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், உறையும்போது விடும். மூன்று தடவை செய்தும் போகவில்லை. அந்த அலமாரியைப் பார்க்கும்போது ஒவ்வொரு துண்டுக்கும் பின்னால் எத்தனை இரவு போயிருக்கும் என்று எனக்குக் கைக்குத் தெரிகிறது.

போன மார்ச்சில் அப்பா வந்திருந்தார். நாற்பது வருடம் லேத்தில் நின்றவர். ஊர் சுற்றிக் காட்டுகிறேன் என்று முதலில் கூட்டிப்போனதே இந்தக் கடைக்குத்தான். கான்ராடு முன்னால் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

"ஆக்சிலை ஏன் எடுத்தாருன்னு தெரியுதா கண்ணு?"

"கெட்டி இரும்புங்கறதாலயாங்ப்பா?"

"கெட்டி மட்டும் பத்தாது. ஆக்சிலு அடிச்சு நீட்டுன இரும்பு. மரத்துல ஓடுற மாதிரி அதுக்குள்ளயும் நார் நீளவாக்குல ஓடும். அந்த வாக்குலயே செதுக்குனா இழுத்தாலும் அறாது. குறுக்க வெட்டிச் செஞ்சா ஒரு வாரம் தாங்காது."

கேஸ் குழாயைப் பற்றியும் சொன்னார். மண்ணுக்குள் பல வருடம் கிடந்த வார்ப்பிரும்பு உள்ளே இருந்த இறுக்கமெல்லாம் தளர்ந்து அடங்கியிருக்கும், கடைந்த பிறகு கோணாது. எங்கள் பட்டறையிலும் புது வார்ப்பை வெயிலிலும் மழையிலும் மாதக்கணக்கில் போட்டுவைத்துத்தான் கடைவார்கள். மன்ரோவுக்கு இதை யார் சொல்லிக் கொடுத்தார்களோ என்று அப்பா ஆச்சரியப்பட்டார். வீடு வரும்வரை அதே பேச்சு.

கடையாகவும் இது நல்ல கடை. பி31இன் மரை பழைய பிரிட்டிஷ் சைக்கிள் மரை, பெரும்பாலும் அங்குலத்துக்கு 26, கோணம் 60 பாகை. விட்வொர்த் என்ற இன்னொரு பிரிட்டிஷ் மரை 55 பாகை. தெரியாதவர் கையில் இரண்டும் ஒன்றுபோல ஏறும், பாதியில் பிடித்துக்கொண்டு மரையைத் தின்றுவிடும். என் மாதிரி போல்ட்டைக் கவுன்டரில் நீட்டியதும் அந்த அண்ணன் மரை கேஜை வைத்துப் பார்த்துவிட்டு, இது தங்களிடம் இல்லை என்று நேராகச் சொன்னார். அதற்கு முன் வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவரிடம், பெயர் வேண்டாம், அரை மில்லி ஓவர்சைஸ் என்று பிஸ்டன் வாங்கினேன். மைக்ரோமீட்டரில் பார்த்தால் ஸ்டாண்டர்டு சைஸ். மூன்று மெயிலுக்கும் பதில் இல்லை. அந்தக் காசும் இரண்டு மாதமும் போனது. அதனால் இல்லையென்று சொல்லத் தெரிந்த கடைக்காரர் மேல் எனக்குத் தனி மரியாதை.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. இதை மியூசியம் என்று நினைத்துப் போகாதீர்கள். பக்கத்தில் ஒருவர் டிரில் மெஷின் விலை கேட்டுக்கொண்டிருப்பார், ஒரு அம்மா வாணலி பார்த்துக்கொண்டிருப்பார். எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது, மன்ரோவின் வண்டிக்கு இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. முழு அமைதியில் வரிசையாகப் பார்க்க வேண்டுமானால் டே ஸ்ட்ரீட்டில் கிளாசிக் மோட்டார் சைக்கிள் மெக்கா என்ற மியூசியம் இருக்கிறது, அதற்குக் கட்டணம் உண்டு. பிப்ரவரியில் பர்ட் மன்ரோ சேலஞ்ச் என்ற மோட்டார் சைக்கிள் பந்தயத் திருவிழா நடக்கும் நாட்களில் ஊரே நிரம்பிவிடும், நிதானமாகப் பார்க்க மற்ற மாதங்களே நல்லது. குறைந்தது இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். பிறகு பத்து கிலோமீட்டர் ஓட்டிப்போய் ஓரெட்டி கடற்கரையையும் பாருங்கள். அலை வாங்கிய மணல் சிமென்ட் தரைபோல இறுகிக் கிடக்கும். மன்ரோ வேகம் பார்த்த தரை அதுதான்.

அன்றைக்கு அப்பா அங்கே ஒரு அரைவட்ட அரமும் நைஸ் எமரி தாளும் வாங்கினார். ஊருக்குக் கொண்டுபோகத்தான் என்று நினைத்தேன். மறுநாள் காலை நான் ஷிப்ட் முடிந்து வந்தபோது கொட்டகையில் பி31இன் கான்ராடை வைஸில் தாமிரத் தகடு வைத்துக் கட்டி, நீளவாக்கில் மட்டும் தேய்த்துக்கொண்டிருந்தார். குறுக்கே ஒரு கீறல் இருந்தாலும் வேகத்தில் விரிசல் அங்கிருந்துதான் தொடங்கும். ஒரு பக்கம் முடித்திருந்தார், அதில் என் முகம் தெரிந்தது. மறுபக்கத்துக்கு அரத்தை என்னிடம் நீட்டினார்.