சிப்பிக்காளான் வைக்கோலுக்கு வெந்நீரா, ஆட்டோகிளேவா?

சிப்பிக்காளான் படுக்கைக்கான வைக்கோலில் கிருமிகளை ஒழிக்க வெந்நீரே போதும் என்பது என் உறுதியான முடிவு. அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் கலனான ஆட்டோகிளேவ் வலுவானதுதான். 121 டிகிரி செல்சியஸில் வித்து வடிவ பாக்டீரியாக்கள்கூட மிஞ்சாது. வைக்கோலுக்கு அந்த வலுவே பாதகமாகிறது.

வெப்பத்துக்குப் பிறகு என்ன நடக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஆட்டோகிளேவிலிருந்து வரும் வைக்கோலில் போட்டிக்கு ஓர் உயிரும் இருக்காது. அதைத் திறந்த கொட்டகையில் ஆற வைத்து, கையால் பையில் நிரப்புகிறோம். அப்போது விழும் பச்சைப் பூசணத்தின் ஒரு துளி வித்தும் தடையின்றிப் பரவிவிடும். 80 டிகிரி வெந்நீரில் பூசணங்களும் பூச்சி முட்டைகளும் சாகின்றன. வெப்பம் தாங்கும் பாக்டீரியாக்கள் பிழைக்கின்றன. காளான் இழை படரும்வரை அவை பூசணத்துக்கு இடம் கொடுப்பதில்லை.

வைக்கோலை 3 முதல் 5 செ.மீ. நீளத்துக்கு வெட்டி, 4-5 மணி நேரம் பச்சைத் தண்ணீரில் ஊற வையுங்கள். உள்ளே உலர்ந்த இடம் இருந்தால் அங்கே பூசணம் சாகாது. பிறகு சாக்கில் கட்டி வெந்நீரில் இறக்கி, மிதக்காமல் மேலே கல் வையுங்கள். சாக்கு இறங்கியதும் நீரின் சூடு மளமளவென்று குறையும். பலர் தவறுவது இங்கேதான். வெப்பமானியைச் சாக்கின் நடுவில் செருகி, அங்கே 80 டிகிரி வந்த பிறகே ஒரு மணி நேரத்தைக் கணக்கிடுங்கள். சூடு போதாவிட்டால் படுக்கையில் கறுப்புக் குடைக்காளான் முளைக்கும். அதிகம் கொதித்தால் வைக்கோல் குழைந்து சத்து நீரில் இறங்கிவிடும்.

வடிய வைத்து நிழலில் ஆற்றுங்கள். கைப்பிடி பிழிந்தால் உள்ளங்கை ஈரமாக வேண்டும், சொட்டக் கூடாது. சொட்டினால் பையின் அடி புளித்து நாறும். காளான் இழை அங்கே படராது. 30 டிகிரிக்குக் கீழே ஆறியதும் அன்றே நிரப்பிவிடுங்கள்.

டிரம்மில் அழுத்தமில்லா நீராவி கொடுப்பது நடுவழி. தண்ணீரும் சத்தும் மிச்சம். இறுக்கி அடைத்தால் நடுப்பகுதிக்குச் சூடு எட்டாது. சிறு டிரம்மின் அனுபவத்தை வைத்துப் பெரிய நீராவி அறையை எடைபோட மாட்டேன்.

ஆனால் சோள வித்து (படுக்கையில் விதைக்கச் சோளத்தில் வளர்க்கும் காளான் இழை) தயாரிக்க ஆட்டோகிளேவைத் தவிர்க்க முடியாது. அரை வேக்காட்டுச் சோளத்தில் மாவுச்சத்து அதிகம். கொதிநீரைத் தாண்டிய பாக்டீரியா வித்துகள் முளைத்தால் சோளம் வழுவழுத்துப் புளிக்கும். 15 பவுண்டு அழுத்தத்தில் ஒன்றரை முதல் 2 மணி நேரம் வைக்க வேண்டும். முதலில் காற்றை வெளியேற்றி, நீராவி சீராகச் சீறிய பிறகே வால்வை மூடுங்கள். பாதிக் காற்று உள்ளே தங்கினால், முள் 15 பவுண்டு காட்டினாலும் சூடு 112 டிகிரி அளவிலேயே நிற்கும். தவிடு கலந்த மரத்தூள் பைகளுக்கும் இதே கணக்குதான்.