எஃப்டி சிவிக்கில் ஷார்ட் ராம் இன்டேக்: சத்தம் சொர்க்கம், ஐடில் நரகம்

இன்டேக் கிட் (தொழிற்சாலை ஏர்பாக்ஸை, அதாவது காற்று வடிகட்டிப் பெட்டியைக் கழற்றிவிட்டு மாட்டும் குட்டைக் குழாயும் ஃபில்டரும்) விலை இறங்கியிருக்கிறது, வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஹோண்டாவின் எஃப்டி சிவிக் 1.8, ஆர்18ஏ எஞ்சின், சிஓஇ (சிங்கப்பூரில் வண்டி வைத்திருக்கும் உரிமைச் சான்று) புதுப்பித்த வண்டி. மற்ற விவரமெல்லாம் அவருக்கே தெரியும். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்: ஐடிலில், அதாவது பெடலை மிதிக்காமல் சிக்னலில் நிற்கும்போது, ஆர்பிஎம் (எஞ்சின் சுழலும் வேகம்) முள் ஆடுகிறதே, அது.

இந்த எஞ்சின் சூடேறியபின் 700 ஆர்பிஎம் அருகே அசையாமல் நிற்க வேண்டும். கிட் மாட்டிய பல வண்டிகளில் ஏர்கான் கம்ப்ரஸர் பிடிக்கும்போது முள் 500 வரை சரிந்து, பயந்துபோய் 1,000 வரை ஏறி, மறுபடி இறங்கும். ஸ்டியரிங்கில் நடுக்கம் தெரியும். சிங்கப்பூரில் ஏர்கானை அணைத்துவிட்டு யார் ஓட்டுகிறார்கள்? ஆக, நாள் முழுக்க இந்தக் கூத்துதான்.

பெரும்பாலும் குற்றவாளி ஒரு விரல் பருமன் ரப்பர் குழாய். ஹெட் கவரிலிருந்து (எஞ்சினின் மேல்மூடி) இன்டேக் குழாய்க்கு வரும் பிரீதர் ஹோஸ். தொழிற்சாலை அமைப்பில் அது எம்ஏஎஃப் சென்சாருக்கும் (உள்ளே போகும் காற்றை அளப்பது) திராட்டிலுக்கும் (பெடலுக்கு ஏற்பக் காற்றைத் திறந்துவிடும் கதவு) நடுவே இணையும். பிசிவி வால்வு கிராங்க்கேஸிலிருந்து (எஞ்சினின் அடிவயிறு) இழுக்கும் காற்றுக்கு ஈடாக உள்ளே போகும் காற்று இந்த வழியாகத்தான் போகிறது, அதாவது எம்ஏஎஃப் ஏற்கெனவே அளந்த காற்று. மலிவுக் கிட்களில் இந்த இணைப்புக்கு வாயே இருக்காது. பதிலுக்கு ஹெட் கவரில் செருக ஒரு குட்டிக் கூம்பு ஃபில்டர் தருவார்கள். பார்க்க அழகு. ஆனால் அதன் வழியே நுழையும் காற்றை யாரும் அளப்பதில்லை. எம்ஏஎஃப் சொன்ன கணக்குக்கு மட்டும் இசியூ (எஞ்சினின் கணினி) பெட்ரோல் ஊற்றும், கலவை லீன் ஆகும், அதாவது காற்றுக்குப் பெட்ரோல் போதாது, ஐடில் தள்ளாடும். யானையை விற்கிறவர் அங்குசத்துக்குக் கஞ்சப்பட்ட கதை. பளபளக்கும் அலுமினியக் குழாய்க்கு அத்தனை வெள்ளி வாங்குகிறவர்களுக்கு அதில் ஒரு நிப்பிள் (ஹோஸ் செருகும் வாய்) வெல்டு செய்ய என்ன கேடு?

சந்தேகத்தை உறுதிசெய்ய, இசியூவின் அளவுகளைக் கைப்பேசிக்கு அனுப்பும் ஓபிடி புளூடூத் அடாப்டரும் ஒரு செயலியும் போதும். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு ஷார்ட் டெர்ம், லாங் டெர்ம் ஃப்யூயல் டிரிம் (இசியூ பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் சதவீதம்) இரண்டையும் கூட்டிப் பாருங்கள். கூட்டுத்தொகை 5 சதவீதத்துக்குள் இருந்தால் கவலையில்லை, 10-ஐத் தாண்டினால் தேட வேண்டும். பிறகு 2,500 ஆர்பிஎம்மில் பிடித்து மறுபடி பாருங்கள். ஐடிலில் கூட்டல் 16, 2,500-ல் கூட்டல் 4 என்று இறங்கினால் எங்கோ அளக்காத காற்று நுழைகிறது. கணக்கு எளிது. ஐடிலில் எம்ஏஎஃப் விநாடிக்கு 2.5 கிராம் காட்டும்போது 0.4 கிராம் திருட்டுக் காற்று நுழைந்தால் அது 16 சதவீதம். 2,500-ல் 9 கிராம் ஓடும்போது அதே 0.4 கிராம் 5 சதவீதம்கூட இல்லை.

ஆர்பிஎம் எவ்வளவு ஏறினாலும் சதவீதம் அப்படியே நின்றால் கசிவைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். பெரும்பாலும் கோளாறு குழாயின் விட்டத்தில். எம்ஏஎஃப் தன் மேல் பாயும் காற்றின் வேகத்தை வைத்துத்தான் கணக்குப் போடுகிறது. சென்சார் உட்காரும் இடத்தில் உள்விட்டம் 60 மில்லிமீட்டருக்குப் பதில் 65 ஆனால் பரப்பு 17 சதவீதம் கூடும், சென்சார் உண்மையைவிட ஏறக்குறைய 15 சதவீதம் குறைத்துச் சொல்லும். வளைவை ஒட்டிச் சென்சாரை வைத்த கிட்களில் சுழல் காற்றால் அளவு குதித்துக்கொண்டே இருக்கும். இதற்கு எத்தனை கிளாம்ப் இறுக்கினாலும் பயனில்லை. ரீமேப் செய்ய வேண்டும், அதாவது இசியூவின் கணக்கை மாற்றி எழுத வேண்டும், இல்லாவிட்டால் கிட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

இன்னொரு அடையாளமும் உண்டு. முள் ஆடாமல், 1,000-க்கு மேல் ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டு நின்றால் திராட்டிலுக்குப் பின்னால் கசிவைத் தேடுங்கள். மாட்டும் அவசரத்தில் கழன்ற வேக்குவம் ஹோஸ், நசுங்கிய கேஸ்கட் இப்படி ஏதாவது இருக்கும். கார்ப் கிளீனரைப் பீய்ச்சித் தேடும் பழைய முறை சூடான எக்ஸாஸ்ட் பக்கத்தில் தீயோடு விளையாடுவது. பட்டறையில் ஸ்மோக் டெஸ்ட் கேளுங்கள், புகை வரும் இடம் கண்ணுக்கே தெரியும்.

பிரீதருக்குத் தீர்வு: குழாயைக் கழற்றி, எம்ஏஎஃப்புக்கும் திராட்டிலுக்கும் நடுவே நிப்பிள் வெல்டு செய்யச் சொல்லுங்கள். உள்ளே ஒரு துளி உலோகச் சீவல்கூடத் தங்கக் கூடாது, அது நேரே எஞ்சினுக்குள் போகும். சாதாரண சிலிக்கோன் ஹோஸ் வேண்டாம், எண்ணெய் ஆவியில் ஊறிப் பிசுபிசுக்கும். எண்ணெய் தாங்கும் நைட்ரில் ஹோஸ் நல்லது. மடங்காத அளவு நீளம் விடுங்கள்.

எண்ணெய் தடவிய பருத்தி ஃபில்டரைக் கழுவி எண்ணெய் பூசுகிறவர்கள் கை தாராளமாக இருந்தால் எம்ஏஎஃப் கம்பியில் படலம் பிடிக்கும். எம்ஏஎஃப் கிளீனர் என்று போட்ட டப்பாவை மட்டும் பயன்படுத்துங்கள். கம்பியைத் தொடாமல் பீய்ச்சி, தானாகக் காய்ந்த பிறகுதான் மாட்ட வேண்டும். சென்சாரின் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) பழைய ஏர்பாக்ஸிலேயே தங்கிவிடவில்லையே என்றும் ஒரு பார்வை.

எல்லாம் சரிசெய்த பிறகும் ஐடில் ஆடினால் இசியூவுக்கு ஐடிலை மறுபடி கற்றுக்கொடுக்க வேண்டும். பேட்டரியைக் கழற்றினாலும், திராட்டிலைத் துடைத்தாலும் இது தேவை. ஏர்கான், விளக்கு, வானொலி எல்லாம் அணைத்து, சாவியை ஆன் நிலையில் 2 விநாடி வைத்து, ஸ்டார்ட் செய்யுங்கள். கியர் போடாமல் 3,000 ஆர்பிஎம்மில் பிடித்து ரேடியேட்டர் ஃபேன் ஓடும்வரை காத்திருங்கள். பிறகு பெடலில் கால் வைக்காமல் 5 நிமிடம் ஐடில். நடுவில் ஃபேன் ஓடும் நேரம் அந்த 5 நிமிடத்தில் சேராது. இதை வீவக (அடுக்குமாடிக் குடியிருப்பு) கார்ப்பார்க்கில் செய்யாதீர்கள். நிறுத்திய வண்டியில் எஞ்சினை ஓடவிடுவது இங்கே குற்றம், தேசியச் சுற்றுப்புற வாரியம் அபராதம் போடும். காக்கி புக்கிட்டோ சின் மிங்கோ, பட்டறையில் வைத்தே முடித்துவிட்டு வாருங்கள்.

நியாயமாகப் பேசினால், இத்தனையும் செய்த பிறகு வண்டி ஒழுங்காக நிற்கிறது. 4,000-க்கு மேல் அந்த எஞ்சின் இழுக்கும் மூச்சு இருக்கிறதே, அதற்காகவே சுரங்கப்பாதையில் கண்ணாடியை இறக்கத் தோன்றும். ஆனால் வேகம் கூடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கிட் இழுப்பது எஞ்சினைச் சுற்றியுள்ள சூட்டுக் காற்றை. உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி வரிசையில் ஊர்ந்தால் ஓபிடியில் இன்டேக் வெப்பம் 60 டிகிரியைத் தொடும். வெளியே 33 டிகிரியில் கிடைக்கும் காற்றோடு ஒப்பிட்டால் அதே கன அளவில் 8 சதவீதம் காற்று குறைவு. ஹீட் ஷீல்டு வண்டி ஓடும்போது உதவும், நிற்கும்போது அதுவும் சேர்ந்து சுடும்.

நண்பருக்கு என் பதில்: வாங்க வேண்டாம். வாங்கித்தான் தீருவேன் என்றால் பிரீதர் நிப்பிளும் சரியான எம்ஏஎஃப் விட்டமும் உள்ள கிட்டாகப் பாருங்கள். மாற்றம் அனுமதிக்கப்பட்டதா என்று நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதிகளில் சரிபார்த்து, காப்புறுதி நிறுவனத்துக்கும் சொல்லிவிடுங்கள். 10 வயது தாண்டிய காருக்கு ஆண்டுதோறும் ஆய்வு உண்டு, அதனால் பழைய ஏர்பாக்ஸை கேரோசெல் இணையச் சந்தையில் விற்றுவிடாதீர்கள். அடுத்த முறை ஐடில் ஆடும்போது கோளாறு கிட்டிலா வண்டியிலா என்று கண்டுபிடிக்க அதைத் திருப்பி மாட்டிப் பார்ப்பதுதான் சுருக்கு வழி.

என் கிட்டைக் கழற்றுவேனா என்றால், மாட்டேன்.