ஏசி ஹோஸில் ஒட்டுப் போட்டு ஏமாற்றிய பட்டறை: பழைய கார் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

சிங்கப்பூரில் வாகன உரிமைச் சான்றிதழைப் (சிஓஇ) புதுப்பித்துப் பழைய காரை ஓட்டுபவர்கள், அதிலும் அசல் ஏசி கம்ப்ரசர் கிடைக்காமல் வேறு நிறுவனத்தின் கம்ப்ரசரை மாட்டப் போகிறவர்கள், பட்டறையில் பணம் கட்டுமுன் இதைப் படித்துவிடுங்கள்.

பட்டறை உபி வட்டாரத்தில் இருக்கிறது. புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயரைச் சொல்லவில்லை. என் காரில் அவர்கள் மாட்டிய கம்ப்ரசரில் குறை எதுவும் இல்லை. போல்ட் துளைகள் பொருந்தின, பெல்ட்டும் நேராக ஓடியது. குழாய் வாய்கள்தாம் வேறு. அசலில் அவை மேல்நோக்கி இருக்கும், ஒரே போல்ட்டில் தட்டையாக இறுகும். புதியதில் பின்பக்கம் மரையுடன் இருந்தன. ஆகவே கம்ப்ரசரோடு சேரும் இரண்டு ஹோஸ்களையும், அதாவது குளிர்வாயு ஓடும் வளைகுழாய்களையும், புதிதாகச் செய்தாகவேண்டும். “புது ஹோஸ், இரண்டு முனையிலும் மெஷின் கிரிம்ப், டிரையரும் புதிது. மொத்தம் 1,350 வெள்ளி அண்ணே” என்றார் மேற்பார்வையாளர். கிரிம்ப் என்பது உலோக வளையத்தை நசுக்கி ஹோஸை முனையோடு இறுக்குவது; டிரையர் என்பது கேஸிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் பாகம். ரசீதில் மட்டும் ‘ஏசி வேலை’ என்று ஒரே வரி.

சில வாரங்கள் நன்றாகக் குளிர்ந்தது. பிறகு தீவு விரைவுச்சாலை நெரிசலில் வெறும் காற்றுதான் வந்தது. போய்ச் சொன்னால் கேஸ் நிரப்பி 60 வெள்ளி வாங்கிக்கொண்டார்கள். மறுபடி குளிர் போயிற்று, மறுபடி நிரப்பினார்கள். கடைசியில் கூலிங் காயிலில் ஓட்டை என்று சொல்லி, டேஷ்போர்டைக் கழற்ற 900 வெள்ளி கேட்டார்கள். எந்தச் சோதனையும் செய்யாமலே எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். “பழைய கார் அல்லவா அண்ணே” என்பதுதான் பதில். பழைய கார் என்ற இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு இந்த ஊரில் எதையும் விற்றுவிடலாம்.

காக்கி புக்கிட்டில் ஏசி ஹோஸ் மட்டுமே செய்யும் பெரியவர் ஒருவரிடம் காரைக் கொண்டுபோனேன். கம்ப்ரசருக்குப் பக்கத்தில் எண்ணெய் ஊறித் தூசி அப்பியிருந்த இடத்தைப் பார்த்ததுமே சிரித்துவிட்டார். அசல் ஹோஸை நடுவில் வெட்டி, சாதாரண ரப்பர் குழாய்த் துண்டு ஒன்றைச் செருகி, திருகு கிளிப்புகளால் இறுக்கியிருந்தார்கள். பட்டு வேட்டிக்குச் சாக்குத் துணியில் ஒட்டுப் போட்ட வேலை! அந்தத் துண்டு, கொதிக்கும் எக்சாஸ்ட் குழாய்ப் பக்கமாக வேறு சாய்ந்திருந்தது. டிரையரும் பழையதே.

என் கார் ஏசியில் ஓடும் ஆர்134ஏ குளிர்வாயு நுண்ணியது. வெறும் ரப்பரின் ஊடாகவே மெல்லக் கசிந்துவிடும். அதற்காகத்தான் அதற்குரிய ஹோஸின் உள்ளே நைலான் படலம் இருக்கும். மேலே ‘எஸ்ஏஇ ஜே2064’ என்று தர எண்ணை அச்சிட்டிருப்பார்கள். நம் ஊர் வெயிலில் கம்ப்ரசரிலிருந்து வெளியேறும் பக்கத்தில் அழுத்தம் 15 பாரைத் தாண்டுவது சாதாரணம். என்ஜின் ஆட ஆட, தோட்டக் குழாய்க்குப் போடும் கிளிப் எத்தனை நாள் பிடிக்கும்? குளிர்வாயு ஹோஸுக்கென்றே வடிவமைத்த கிளிப் முறையும் உண்டு. அது வேறு, இது வேறு.

குளிர் போவதைவிடப் பெரிய கேடு ஒன்று உண்டு. கம்ப்ரசருக்கு வேண்டிய எண்ணெய் கேஸோடு கலந்துதான் சுற்றி வருகிறது. கசிவில் எண்ணெயும் வெளியேறும். கசிவை அடைக்காமல் கேஸை மட்டும் நிரப்பிக்கொண்டே போனால், புதுக் கம்ப்ரசர் எண்ணெயின்றி இறுகிப்போகும். அப்போதும் ‘பழைய கார்’ என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

பெரியவர் பழைய அலுமினிய முனைகளில் நல்லவற்றை வைத்துக்கொண்டு, கம்ப்ரசர் பக்கத்துக்கு மரை முனைகளைப் போட்டு, உறிஞ்சும் பக்கத்துக்கு அரை அங்குல உள்விட்டமுள்ள பத்தாம் எண் ஹோஸையும் வெளியேற்றும் பக்கத்துக்கு எட்டாம் எண் ஹோஸையும் என் கண்முன்னே கிரிம்ப் செய்தார். முனை எந்தக் கோணத்தில் திரும்பவேண்டும் என்பதைக் காரில் வைத்துக் குறித்த பிறகே மெஷினில் வைத்தார். இணைப்புகளில் கசிவைத் தடுக்கும் ஓ-ரிங் வளையங்களும் புதிது, டிரையரும் புதிது. நைட்ரஜன் ஏற்றிக் கசிவு பார்த்து, வெற்றிடமாக்கிய பிறகுதான் கேஸ். 520 வெள்ளி ஆயிற்று. ஒவ்வொன்றையும் தனித்தனி வரியாக ரசீதில் எழுதிக் கொடுத்தார்.

நீங்களும் அப்படி எழுதித் தரச் சொல்லுங்கள்: ஹோஸின் வகை, கிரிம்ப், டிரையர், கசிவுச் சோதனை. கழற்றிய பழைய பாகங்களையும் கேட்டு வாங்குங்கள். வேலை முடிந்ததும் பானெட்டைத் திறந்து, கம்ப்ரசரிலிருந்து போகும் ஹோஸைக் கையால் தொடர்ந்து போய்ப் பாருங்கள், என்ஜின் சூடு ஆறிய பிறகு. நடுவில் திருகு கிளிப் தட்டுப்பட்டால் காரை எடுக்காதீர்கள். கேஸ் குறைந்துவிட்டது என்றால் எங்கே போயிற்று என்று காட்டச் சொல்லுங்கள். கசிவில்லாத மூடிய சுற்றில் கேஸ் தானாகத் தீர்ந்துபோவதில்லை.

முதல் பட்டறையிடம் படங்களைக் காட்டினேன். 300 வெள்ளி தருகிறோம், புகார் செய்யமாட்டேன் என்று கையெழுத்துப் போடுங்கள் என்றார்கள். மறுத்துவிட்டுச் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் மனுப் போட்டிருக்கிறேன். 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அங்கே கொண்டுபோகலாம், இரண்டு ஆண்டுகளுக்குள் போகவேண்டும், வழக்கறிஞர் வாதாட இடமில்லை. இதே வேலையில் மாட்டியவர்கள் இருந்தால் ரசீதையும் படங்களையும் எடுத்துவைத்துக்கொண்டு எனக்கு எழுதுங்கள். மனுவை எப்படி எழுதினேன் என்று சொல்கிறேன்.