குன்னூரில் பழைய தங்கக் கைக்கடிகாரங்களுக்கு ஒரு கடை

குன்னூர் மவுண்ட் ரோட்டிலிருந்து கீழே இறங்கும் படிக்கட்டு ஒன்றின் ஓரத்தில், ஒருவர் உட்கார்ந்தால் நிறைந்துவிடும் கடிகாரக் கடைக்கு இரண்டு ஆண்டுகளாகப் போய்வருகிறேன். பெயரை எழுத வேண்டாம் என்று பெரியவர் கேட்டுக்கொண்டார். கையிலிருக்கும் வேலையை முடிக்கவே நாள் போதவில்லையாம்.

முதல்முறை இரண்டு கடிகாரங்களைக் கொண்டுபோனேன். ஒன்று, தாத்தா கட்டியிருந்த 1950-களின் ஒமேகா. மற்றொன்று, சமவெளியில் ஒரு வியாபாரி தங்கம் என்று சொன்னதை நம்பி நான் வாங்கிய சுவிஸ் கடிகாரம். பெரியவர் இரண்டாவதன் ஸ்ட்ராப்பைக் கழற்றி, அது மறைத்திருந்த மூலையை லென்ஸின் கீழ் காட்டினார். நிறம் தேய்ந்து பித்தளை எட்டிப் பார்த்தது. பின்மூடியோ ஸ்டீல். அதில் பொறித்திருந்த ‘20 மைக்ரான்’ என்பது முலாமின் கனம் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

ஒமேகாவின் பின்மூடியை அவர் கத்திமுனையால் நெம்பித் திறந்தபோது, உட்புறத்தில் கடுகளவு பெண் தலை ஒன்று தெளிவாகத் தெரிந்தது. அது சுவிட்சர்லாந்தின் 18 கேரட் முத்திரையான ஹெல்வெஷியா. 14 கேரட்டுக்கு அணிலைப் பொறித்தார்கள்; 1995 முதல் இவற்றின் இடத்தில் செயின்ட் பெர்னார்ட் நாயின் தலை வந்தது. இங்கிலாந்தில் செய்த கேஸ்களில் (கடிகாரத்தின் வெளிக்கூடு) பெரும்பாலானவை 9 கேரட், அதாவது ஆயிரத்தில் 375 பங்கே தங்கம். பர்மிங்காமில் சோதித்தவற்றில் நங்கூர முத்திரை இருக்கும். 916-க்குப் பழகிய நமக்கு இவையெல்லாம் மாற்றுக் குறைந்தவையாகத் தோன்றும். நகைக்கடைக்காரர் இயந்திரத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, கேஸை மட்டும் எடைபோட்டு உருக்குவதற்கும் அந்த எண்ணமே காரணம். அப்படி எத்தனை நல்ல கடிகாரங்கள் போயினவோ!

இக்கடையை நான் பரிந்துரைப்பதற்கு முதற்காரணம், பெரியவர் எதைச் செய்ய மறுக்கிறார் என்பதுதான். கேஸைப் பளபளப்பாக்கித் தருமாறு கேட்டேன். “தேய்ச்சா தங்கம்தான் போகும் தம்பி, முத்திரையும் சேர்ந்து போகும்” என்று துணியால் துடைத்ததோடு நிறுத்திக்கொண்டார். ஓரங்கள் மழுங்கி, முத்திரை மங்கிய கேஸைச் சேகரிப்பவர்கள் மதிப்பதில்லை என்பது பின்னர்தான் எனக்குப் புரிந்தது. டயலுக்குப் புதுச் சாயம் அடிக்கவும் அவர் சம்மதிக்கவில்லை. சாயம் அடித்த டயல்களில் எழுத்து தடித்து, ஆறுக்குக் கீழே இருக்க வேண்டிய ‘சுவிஸ் மேட்’ காணாமல் போயிருக்கும்; சேகரிப்பவர்கள் அவற்றை ‘மும்பை ஸ்பெஷல்’ என்று கேலி செய்வார்கள்.

இயந்திர வேலையில் குறை சொல்ல இடமில்லை. இரண்டு பருவமழையும் மூடுபனியும் படிகிற ஊரில், தங்கக் கேஸ் கெடாது. அதற்குள் புகும் ஈரம் சாவித் தண்டின் எஃகைத்தான் முதலில் தின்னும். தாத்தாவின் ஒமேகாவிலும் அதுவே நடந்திருந்தது. துருவைச் சுரண்டி எடுத்து, பிசினாகிப்போன பழைய எண்ணெயைக் கழுவி, பேலன்ஸை (முன்னும் பின்னும் ஊசலாடும் சிறு சக்கரம்) உள்ளே இறக்கியதும் அது தானாகவே அசையத் தொடங்கியது. ஒமேகா நிறுவனம் 1939-இல் அறிமுகப்படுத்திய 30 மில்லிமீட்டர் இயந்திர வரிசையைச் சேர்ந்தது இது. மணிக்கு 18,000 துடிப்பு, அதாவது விநாடிக்கு ஐந்து. காதருகே வைத்தால் எண்ணிவிடலாம் போலிருக்கிறது.

கூலி 1,800 ரூபாய். இந்த வேலைக்கு அது குறைவு. ஆனால் மூன்று வாரத்தில் தருவதாகச் சொன்னவர் ஒன்பது வாரம் எடுத்துக்கொண்டார். ரசீது என்பது காலண்டர் தாளின் பின்புறத்தில் எழுதிய ஒரு துண்டு; தங்கத்தை ஒப்படைப்பவர்கள், கேஸின் எடையையும் வரிசை எண்ணையும் அதில் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. முலாம் பூசிய அந்த இரண்டாவது கடிகாரத்தையும் சரிசெய்து தருவதாக வாங்கி வைத்துக்கொண்டார். சென்ற வாரம் போனபோது, அது அவருடைய மேசை இழுப்பறையில் இன்னும் முறைக்குக் காத்திருந்தது.