கிம்ப்பில் டெக்ஸ்ச்சர் ஏற்றும் வேலை: 2.8 முதல் 3.0 வரை

ஒரு படத்தின் மேல் கையால் செய்த காகிதத்தையோ காரை பெயர்ந்த சுவரையோ டெக்ஸ்ச்சராக, அதாவது மேற்பரப்புச் சொரசொரப்பாக, ஏற்றும்போது முதலில் கெடுவது படத்தின் வெளிச்சம். சுவரைப் படமெடுத்தபோது ஒரு பக்கமிருந்து வெயில் அடித்திருக்கும். அந்தச் சாய்வு அப்படியே நம் படத்தின் மேல் வந்து உட்காரும். ஒப்பாசிட்டியை (மேலே வைத்தது எவ்வளவு அழுத்தமாகத் தெரிகிறது என்பதை) குறைத்தால் சாய்வோடு சேர்ந்து சொரசொரப்பும் காணாமல் போகும். பல வருடப் பயன்பாட்டில், படங்களைத் திருத்தும் மென்பொருளான கிம்ப் நன்றாகக் கற்றுக்கொடுக்கும் பாடம் இதுதான்: டெக்ஸ்ச்சரை ஏற்றுவது ஒரு நிமிட வேலை, அதற்கு முன் அதைச் சமன்படுத்துவதில்தான் நேரம் போக வேண்டும்.

சமன்படுத்த கிரெயின் எக்ஸ்ட்ராக்ட் மோடு போதும்; மோடு என்பது ஒரு லேயர் (படத்தின் அடுக்கு) கீழிருப்பதோடு கலக்கும் முறை. டெக்ஸ்ச்சரைத் தனிக் கோப்பாகத் திறந்து, கலர்ஸ் மெனுவில் டீசாச்சுரேட் கொடுத்து நிறத்தை எடுத்துவிடுங்கள். காகிதத்தின் மஞ்சள் கறை வேண்டுமென்றால் அது தனி லேயராக இருக்கட்டும். இல்லையென்றால் படத்தில் இருப்பவரின் தோல் நிறத்தோடு கலந்து அழுக்காகத் தெரியும். பிறகு லேயரை நகலெடுத்து, மேல் நகலுக்கு காஸியன் பிளர் 150 முதல் 300 பிக்சல் வரை கொடுத்து, அதன் மோடை கிரெயின் எக்ஸ்ட்ராக்ட் ஆக்குங்கள். கீழிருப்பதிலிருந்து மேலிருப்பதைக் கழித்து 128 (0 கறுப்பு, 255 வெள்ளை என்ற அளவில் நடு) கூட்டுவதே இந்த மோடின் கணக்கு. மெதுவாக மாறும் வெளிச்சம் கழிந்துபோய், விரிசலும் நாரும் மட்டும் நடுச் சாம்பலில் நிற்கும். நியூ ஃப்ரம் விசிபிள் கொடுத்து அதை ஒரே லேயராக்கி, ஹிஸ்டோகிராமில் (வெளிச்ச அளவுகளின் வரைபடத்தில்) சராசரி (Mean) மதிப்பு 128-க்குப் பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பிளர் 20, 30 என்று குறைவாக இருந்தால் பெரிய விரிசல்களும் கழிந்துவிடும்.

எந்த மோடில் ஏற்றுவது என்பது படத்தைப் பொறுத்தது. ஓவர்லே, சாஃப்ட் லைட், கிரெயின் மெர்ஜ் மூன்றுக்கும் நடுச் சாம்பல் என்பது 'மாற்றாதே' என்ற குறி. மல்டிபிளைக்கு அது வெள்ளை, ஸ்கிரீனுக்குக் கறுப்பு. 128-க்குச் சமன்படுத்திய டெக்ஸ்ச்சரை மல்டிபிளையில் போட்டுவிட்டு, படம் இருண்டுபோச்சே என்று தவிப்பவர்கள் நிறைய. மல்டிபிளை வேண்டுமானால் வெளிச்ச அளவுகளைச் சரிசெய்யும் லெவல்ஸில் வெள்ளை முனையை இழுத்து, காகிதத்தின் பெரும்பகுதி வெள்ளையை ஒட்டி வருமாறு செய்ய வேண்டும்.

ஓவர்லேயில் இன்னொரு சிக்கல் உண்டு. முழு வெள்ளையையும் முழுக் கறுப்பையும் அது தொடவே தொடாது. வெளுத்துப்போன வானம் உள்ள படத்தில், நிலமெல்லாம் காகிதமாகவும் வானம் மட்டும் கண்ணாடியாகவும் நிற்கும். பார்ப்பவர் கண்ணுக்கு உடனே பொய் தெரிந்துவிடும். அடிப்படத்தின் லெவல்ஸில் அவுட்புட் வெள்ளையை 255-லிருந்து 240-க்கு இறக்கிவிட்டு, டெக்ஸ்ச்சரை கிரெயின் மெர்ஜில் வையுங்கள், சொரசொரப்பு வானத்திலும் பிடிக்கும். ஒப்பாசிட்டி 25 முதல் 40 வரை பெரும்பாலும் போதும்.

பழைய கோப்பு வைத்திருப்பவர்களுக்கு ஒரு விஷயம். 2.8 பதிப்பு வரை கிம்ப்பின் ஓவர்லே, உண்மையில் சாஃப்ட் லைட் செய்வதையே செய்தது. 2018-இல் வந்த 2.10-இல்தான் அது சரியானது. அன்று எழுதிவைத்த ஒப்பாசிட்டி எண்களை இன்றைய ஓவர்லேயில் அப்படியே போட்டால் படம் முரடாகிவிடும். அவற்றுக்கு சாஃப்ட் லைட்டைத் தேர்ந்தெடுங்கள்.

டெக்ஸ்ச்சர் சிறிதாக இருந்தால் இழுத்துப் பெரிதாக்க வேண்டாம். 1500 பிக்சல் அகலச் சாக்குத் துணியை 6000-க்கு நீட்டினால் இழைகள் கயிறாகிவிடும். ஷிஃப்ட்+கன்ட்ரோல்+ஓ அழுத்தி ஆஃப்செட்டில் பாதி அகலம், பாதி உயரம் நகர்த்துங்கள். ஓரங்கள் நடுவில் சிலுவையாக வரும். அந்தத் தையலை ஹீல் கருவியால் ஆற்றிவிட்டு நகலெடுத்தால், பேட்டர்ன் பட்டியலில் கிளிப்போர்டு படமாக நிற்கும். புது லேயரில் அதை நிரப்பிக்கொள்ளலாம். டைல் சீம்லெஸ் ஃபில்டர் இதையே ஒரே சொடுக்கில் செய்கிறது, ஆனால் படம் படத்தின் மேல் படிந்து மங்கலாகிறது. கண்ணில் படும் ஒரு கறையோ முடிச்சோ இருந்தால் முன்பே அழித்துவிடுங்கள். அது திரும்பத் திரும்ப வந்து காட்டிக்கொடுக்கும். டெக்ஸ்ச்சரைத் திருப்புவது, சுருக்குவது, சாய்ப்பது என்று தனித்தனியாகச் செய்தால் ஒவ்வொரு முறையும் கூர்மை குறையும். யூனிஃபைட் டிரான்ஸ்ஃபார்மில் எல்லாவற்றையும் ஒரே தடவையில் முடிப்பது நல்லது.

முகத்தின் மேல் டெக்ஸ்ச்சர் படிந்தால் தோல் நோய் போலத் தோன்றும். லேயர் மாஸ்க் (கறுப்பு பூசிய இடத்தில் லேயரை மறைக்கும் திரை) போட்டு மென்மையான பிரஷ்ஷால் மறைக்கலாம், ஆனால் முழுக் கறுப்பு வேண்டாம். முகம் தனியாக வெட்டி ஒட்டியது போல் ஆகிவிடும். மாஸ்க்கில் நடுச் சாம்பல் பூசி, கண்களுக்கு மட்டும் கறுப்பு கொடுங்கள்.

ஃபிலிம் போன்ற மணல் தன்மை கடைசி அளவில்தான் சேர வேண்டும். முன்பே போட்டுவிட்டுப் படத்தைச் சுருக்கினால் புள்ளிகள் ஒன்றோடொன்று கரைந்துவிடும். சுருக்கி, ஷார்ப்பன் செய்து, அதன்பின் 808080 என்ற குறியீட்டு நடுச் சாம்பல் நிரப்பிய லேயரில் ஆர்ஜிபி நாய்ஸ் கொடுத்து ஓவர்லே ஆக்குங்கள். இன்டிபென்டன்ட் ஆர்ஜிபி டிக்கை எடுக்க மறந்தால் வண்ணப் பொடி தூவினது போல் வரும். அச்சுக்கு என்றால் 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) ஒரு பிக்சல் 0.085 மில்லிமீட்டர்தான், கண்ணுக்கே தெரியாது. நாய்ஸ் லேயருக்கு ஒரு பிக்சல் பிளர் கொடுத்துப் புள்ளியைப் பெரிதாக்க வேண்டும்.

2025 மார்ச்சில் வந்த 3.0 இந்த வேலையைப் பெரிதும் மாற்றியிருக்கிறது. பிளர், லெவல்ஸ், நாய்ஸ் எல்லாம் லேயரோடு ஒட்டியே இருக்கும். ஒரு மாதம் கழித்தும் எண்ணை மாற்றலாம். 2.10-இல் ஓகே அழுத்தினால் அழுத்தினதுதான். ரேமை மட்டும் கவனிக்க வேண்டும்: 24 மெகாபிக்சல் படத்தின் ஒரு லேயர் 8 பிட்டில் சுமார் 96 எம்பி, 32 பிட்டில் 384 எம்பி. 8 ஜிபி ரேம் உள்ள கணினியில் 32 பிட்டில் ஆறேழு லேயர் சேர்ந்தாலே பிரஷ் பின்தங்கும்.

ஏற்றுமதியில் ஜேபெக் தரத்தை 90-க்குக் கீழே இறக்காதீர்கள். நுண்ணிய சொரசொரப்பு இருந்தால் கோப்பு பெரிதாகத்தான் செய்யும். அதைக் குறைக்கப் பார்த்தால் நார்கள் எட்டுக்கு எட்டுக் கட்டங்களாக உடையும். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது ஃபோட்டோவாக இல்லாமல் டாக்குமென்டாக அனுப்புங்கள்.