சார்கோமியர் செயல்விளக்க மாதிரி: ஒரு மதிப்புரை
தசையின் மிகச் சிறிய சுருங்கும் அலகே சார்கோமியர். தசை சுருங்கும்போது அதிலுள்ள புரத இழைகள் குறுகுவதில்லை, மெல்லிய ஆக்டின் இழைகள் தடித்த மயோசின் இழைகளுக்கு இடையே சறுக்கி நகர்கின்றன என்ற 1954-ஆம் ஆண்டுக் கொள்கையைக் கையால் இயக்கிப் பார்க்க உதவும் இந்த நெகிழி மாதிரியை உயிரியல் பயிலும் எவருக்கும் தயங்காமல் பரிந்துரைப்பேன். சார்கோமியரின் எல்லைகளாக இரு முனைகளிலுள்ள இசட் தட்டுகளை உள்நோக்கித் தள்ளினால், ஆக்டின் மட்டுமுள்ள ஐ பட்டை குறுகுவதையும் மயோசின் இழைகள் உள்ள ஏ பட்டையின் நீளம் சற்றும் மாறாதிருப்பதையும் கண்ணாரக் காணலாம். கால்சியம் அயனி ஆக்டின் இழைமீதுள்ள டிரோபோனின் புரதத்துடன் இணைந்ததும், அங்கே மறைத்து நின்ற டிரோபோமயோசின் புரதம் விலகி, மயோசின் தலை பற்றும் இடம் திறப்பதைக் காட்டும் சுழல் அமைப்பு மிக நேர்த்தியானது.

செல்களுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறான ஏடிபி விஷயத்தில்தான் ஏமாற்றம். ஏடிபி வந்து இணைந்தால்தான் மயோசின் தலை ஆக்டினை விட்டு விடுபடும். அது தீர்ந்துபோவதாலேயே இறந்த உடல் விறைக்கிறது. இவ்வளவு முக்கியமான படியை மாதிரி காட்டவே இல்லை. தலைகளைக் கையால் பிரித்தெடுக்க வேண்டியிருக்கிறது. கழற்றி மாட்டும் ஏடிபி துண்டு ஒன்றை உற்பத்தியாளர் அவசியம் சேர்க்க வேண்டும்.